அது தூக்க மாத்திரை இல்ல அண்ணா

அண்ணா, ‘மனச்சிதைவுக்குத் தர்றதெல்லாம் தூக்க மாத்திரைதான், பழகிட்டா விட முடியாது, ஆள் தெளிஞ்சதும் நிறுத்திடுங்க’ன்னு எழுதியிருக்கீங்க. இதைப் படிச்சு யாராவது இன்னைக்கே நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு.

இந்த மருந்துங்க மூளையில சேதி கடத்துற டோபமைன்ங்கிற ரசாயனத்தோட வேலையை மட்டுப்படுத்துது. காதுல கேக்குற குரலும், வீண் சந்தேகமும் அதனாலதான் அடங்குது. 1952லயே இந்த வகையில முதல் மருந்தான குளோர்புரோமசின் வந்தாச்சு. தூக்கம் வர்றது சில மருந்துகளோட பக்க விளைவு. போதைப் பழக்கம் மாதிரி ஏங்க வைக்காது. ஆனா திடீர்னு விட்டா உடம்பும் தடுமாறும், நோயும் திரும்பும்.

காசிமேட்டுல எங்க வீட்லயே பார்த்தோம். தம்பி தெளிவாயிட்டான், வலை பின்னப் போனான். ‘இன்னும் எதுக்குடா மாத்திரை’ன்னு நாங்களே நிறுத்தினோம். நாலு மாசத்துல ராத்திரியெல்லாம் சுவரோட பேச ஆரம்பிச்சிட்டான். அவன் தெளிஞ்சதே மாத்திரையாலன்னு அப்போ எங்களுக்குப் புரியல.

2012ல 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. ஒரு வருஷத்துக்குள்ள நோய் திரும்பினது, மருந்து தொடர்ந்தவங்கள்ல 27 சதவீதம், மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கு மாத்தினவங்கள்ல 64 சதவீதம்.

பக்க விளைவு பத்தி நீங்க சொன்னது உண்மை. எடை ஏறும், சர்க்கரை வரலாம், கை நடுங்கும், உடம்பு விறைக்கும். க்ளோசபைன்ங்கிற மருந்துன்னா ரத்தத்துல வெள்ளை அணுக்களை அடிக்கடி பார்க்கணும். அதையெல்லாம் டாக்டர்கிட்ட சொன்னா அளவைக் குறைப்பாங்க, மருந்தை மாத்துவாங்க. தினம் மறக்குறவங்களுக்கு மாசம் ஒரு ஊசியும் இருக்கு. நம்ம பக்கத்துல ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலயே மனநலப் பிரிவு இருக்கு. போன்ல கேக்கணும்னா அரசோட மனநல உதவி எண் 14416, இலவசம். அந்த ‘நிறுத்திடுங்க’ வரியை மட்டும் எடுத்துடுங்க அண்ணா.