சூசையும் யூசுப்பும் ஒரே பெயர்தான்

காசிமேட்டில் ஒரு சூசை, மண்ணடியில் ஒரு யூசுப், பெரம்பூரில் ஒரு ஜோசப். மூன்று பேருக்கும் இருப்பது ஒரே எபிரேயப் பெயர், யோசேப். ஆண்டவர் 'இன்னும் கூட்டித் தருவார்' என்று பொருள். இன்னொரு மகன் வேண்டும் என்று கேட்டு ராகேல் தன் பிள்ளைக்கு வைத்ததாக பைபிளின் ஆதியாகமம் சொல்கிறது. அரபியில் அது யூசுப். போர்ச்சுகீசியரிடம் ஜோசே, அவர்கள் வாயில் 'ஜுசே' என்று ஒலிக்கும். தமிழ் வாய் அதைச் சூசை ஆக்கிக்கொண்டது. "தாத்தா காலத்துப் பேரு" என்று சூசையை ஒதுக்கிவிட்டு, 'ஜோ' என்று தொடங்கும் பெயரைப் பெற்றோர் இணையத்தில் தேடுகிறார்கள். தேடுவது வீட்டிலேயே இருக்கிறது.

ஒலியோடு வந்த பெயர் சூசை. பொருளை மட்டும் எடுத்துத் தமிழில் வார்த்த பெயர்கள் வேறு வகை. எனக்கு அவைதான் பெரிய செல்வம். யோஹானான் என்றால் 'ஆண்டவர் அருளினார்', ஆகவே அருளப்பர். பவுலுஸ் லத்தீனில் 'சிறியவர்', ஆகவே சின்னப்பர். ஸ்தேபனோஸ் கிரேக்கத்தில் 'கிரீடம்', ஆகவே முடியப்பர். பெட்ரோஸ் 'பாறை', தெலுங்கில் கல்லுக்கு ராயி, அதிலிருந்து இராயப்பர் என்பது பரவலான விளக்கம். இராயபுரத்தின் பெயரையும் அவரோடு சேர்த்தே சொல்வார்கள். அதே அருளப்பர்தான் ஸ்பெயினில் ஹுவான், ரஷ்யாவில் இவான், அயர்லாந்தில் ஷான், ஆர்மீனியரிடம் ஹோவ்ஹன்னெஸ், குர்ஆனில் யஹ்யா.

1995இல் வந்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்பவற்றுக்குப் பதிலாக யோவான், பேதுரு, பவுல் என்ற வடிவங்களை எடுத்துக்கொண்டது. சபைகள் ஒன்றாக வாசிக்க அது தேவைதான். ஆனால் கோயில் வாசகத்தில் காதில் விழாத பெயர் தொட்டிலுக்கும் வராது. முடியப்பன் என்று இன்று யார் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள்?

வீட்டுப் பெயரின் வேரைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் வாலைக் கழற்றுங்கள். அப்பன், சாமி, நாதன், அம்மாள் எல்லாம் மரியாதைக்கு ஒட்டியவை. ஆரோக்கியசாமியில் மிஞ்சுவது ஆரோக்கியம். அது வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் பெயர். செபமாலைதான் ரொசாரியோ, வியாகுலம்தான் டோலோரஸ், ஆசீர்வாதம்தான் பெனடிக்ட். அடுத்து, எபிரேய, அரபிப் பெயராக இருந்தால் வேராக நிற்கும் மூன்று மெய்யெழுத்துகளைப் பிடியுங்கள். ச-ல-ம: சாலமோன், சுலைமான், சலீம், சலோமி. ஹ-ந-ந: யோஹானான், ஹன்னா, அன்னா. அருளப்பனும் அன்னம்மாளும் ஒரு வேர் என்பது இப்படித்தான் தெரியும். அந்த அன்னம் சோறும் அல்ல, பறவையும் அல்ல, அருள்.

தப்பு நடப்பது ஒலியை மட்டும் நம்பும்போது. சூசனைச் சூசையின் பெண்பால் என்று சொல்கிறவர்கள் உண்டு. இல்லை. சூசன், ஷோஷன்னா என்ற மலர்ப் பெயர். அல்லி வகைப் பூ. சின்னப்பன் எல்லாருமே பவுலும் அல்ல. அம்மன் கோயில் தெருவிலும் சின்னப்பன் உண்டு, அங்கே அது நேரான தமிழ்ப் பெயர். குடும்பம் எந்த வழியில் வந்தது என்று கேட்காமல் பொருள் சொல்லாதீர்கள்.

'அப்துல்' இன்னொரு சிக்கல். அப்த் என்றால் அடியான். 'உல்' அடுத்த சொல்லோடு இணைக்கும் ஒட்டு. அப்துல் காதர் என்றால் வல்லமை உடையவனின் அடியான். தேவதாஸ், யேசுதாஸ் போன்ற வார்ப்புதான். படிவத்தில் இரண்டாக வெட்டினால் ஒரு கட்டத்தில் யாருடைய அடியான் என்று தெரியாத துண்டு நிற்கும், மற்றதில் இறைவனின் பெயர் தனியாக நிற்கும். முழுவதையும் 'பெயர்' கட்டத்திலேயே எழுதுங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட்டு எதையாவது எழுத வேண்டாம். 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை முடியும். பெயரைவிட ஆங்கில எழுத்துகள்தான் பின்னால் வம்பு செய்யும்: சூசைக்கு 'எஸ், ஓ, ஓ' என்று தொடங்குகிறவர்களும் உண்டு, 'எஸ், யூ' என்று தொடங்குகிறவர்களும் உண்டு. ஒன்றைத் தேர்ந்து ஒரு தாளில் எழுதி, ஞானஸ்நானப் பதிவேட்டுக்கும் மாநகராட்சிப் படிவத்துக்கும் அதே தாளைக் காட்டுங்கள்.