கார்களுக்கு மதிப்பெண் தாள், பெண்களுக்குக் கைதட்டலா?

லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஆண்டுக்கொருமுறை நடக்கும் ஹாட் ராட் கார்த் திருவிழாவில், பழங்காலப் பாணி பின்-அப் போட்டியை, அதாவது சுவரில் மாட்டும் பழைய காலண்டர்ப் படத்துப் பெண்களைப் போல உடுத்தி ஒப்பனை செய்து மேடையேறும் போட்டியை, நடத்தும் பொறுப்பு இரண்டு ஆண்டுகளாக என் தலையில் இருக்கிறது. மதுரைக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று என் அக்காவே கேட்டுவிட்டாள். என் கணவருக்குப் பழைய கார்ப் பைத்தியம், எனக்குத் தையல் பைத்தியம். அவர் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் நான் அங்கு வந்திருந்த பெண்களின் உடைத் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அதைக் கவனித்த கார்ச் சங்கத்தார் பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான் கதை. போட்டியை எப்படி நடத்த வேண்டும் என்பதில் சங்கத்தில் பாதிப் பேருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருப்பதால், என் தரப்பை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஹாட் ராட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1932இல் ஃபோர்டு நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட, எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் கொண்டுவந்தது. தெற்குக் கலிஃபோர்னிய இளைஞர்கள் அந்தக் கார்களைப் பழைய கார் விலைக்கு வாங்கி, மட்கார்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, எஞ்சினை முடுக்கி, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டி வேகம் பார்த்தார்கள். 1937இலேயே அவர்களுக்கென்று ஒரு சங்கம் உருவாகி, நேரம் குறிக்கும் முறையும் விதிகளும் வந்துவிட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், படையில் எஞ்சின் வேலை பழகிய ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஊர் திரும்பியபோது இந்தப் பித்து நாடு முழுவதும் பரவியது. அந்தக் காலத்துக் கார்களை இன்றும் வீட்டுக் கொட்டகையில் கட்டி எழுப்பி ஓட்டிவருகிறவர்களின் கூட்டம்தான் எங்கள் திருவிழா.

அங்கே பின்-அப்புக்கு என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில் ஒர்க்‌ஷாப் சுவரில் இருக்கிறது. நம் ஊரில் சிவகாசியில் அச்சான லட்சுமி காலண்டரின் அடியில் நகைக்கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும் அல்லவா, அதே வியாபாரத்தை அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரிலிருந்த பிரவுன் அண்டு பிகிலோ நிறுவனம் செய்தது. கில் எல்வ்கிரென் முதலிய ஓவியர்கள் வரைந்த பெண் படங்களைக் காலண்டராக அச்சிட்டு, அடியில் மெக்கானிக் கடையின் பெயரையோ உதிரிபாகக் கடையின் பெயரையோ போட்டுக் கொடுத்தார்கள். லட்சுமி இருக்க வேண்டிய ஆணியில் இவர்கள் தொங்கினார்கள். போர்க்காலத்தில் அதே படங்கள் படைவீரர்களின் பெட்டி மூடிக்குள்ளும் விமானங்களின் மூக்கிலும் ஏறின. மெம்ஃபிஸ் பெல் என்ற புகழ்பெற்ற குண்டுவீச்சு விமானத்தின் முகப்பில் இருப்பது ஓவியர் ஜார்ஜ் பெட்டி ஒரு பத்திரிகைக்கு வரைந்த பெண்தான். ஆகவே காரும் பின்-அப்பும் ஒரே கொட்டகையில் வளர்ந்தவை என்று சொல்வது மிகையாகாது.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், பழைய வழக்கப்படியே, வெற்றியைக் கைதட்டலை வைத்து முடிவுசெய்தோம். பதினான்கு பேர் வரிசையாக நின்றார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் கையை நீட்ட, எந்தப் பெண்ணுக்குச் சத்தம் அதிகம் என்று நான்கு பேர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். நண்பர்கள் இரண்டு வேன் நிறைய வந்திருந்த ஒருத்தி வென்றாள். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், வயது அறுபத்தொன்று, தன் பாட்டி வைத்திருந்த காகிதத் தையல் மாதிரியை விரித்து, இரண்டு மாதம் உட்கார்ந்து தைத்த பச்சை நிற உடையில் தனியாக வந்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, கோபமே இல்லாமல், "நான் எதில் குறைந்துவிட்டேன் என்று சொன்னால் அடுத்த முறை சரிசெய்துகொள்வேன்" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? உங்களோடு இன்னும் நாற்பது பேர் வந்திருக்க வேண்டும் என்றா?

அதே மைதானத்தில், அதே நேரத்தில், கார்களை மதிப்பிட்டவர்களின் கையில் தாள் இருந்தது. அவர்கள் டார்ச் விளக்கோடு தரையில் படுத்து வெல்டிங் மடிப்பைப் பார்த்தார்கள். கதவு இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார்கள். இருக்கையின் தோல் தையலை எண்ணினார்கள். உயிரில்லாத இரும்புக்கு இவ்வளவு நியாயம் கிடைக்கும் இடத்தில், உயிருள்ள பெண்ணின் உழைப்புக்குக் கூச்சல்தான் தராசு என்றால், அங்கே மதிப்பிடப்படுவது உழைப்பே அல்ல என்றுதான் பொருள். பின்-அப் போட்டி பெண்களை இழிவுபடுத்துகிறது என்று சொல்லும் என் தோழிகளிடம் நான் முழுமையாக மறுத்து வாதிடுவதில்லை. தாள் இல்லாத போட்டியில் அவர்கள் சொல்வது பெருமளவு உண்மை.

எனவே இரண்டாம் ஆண்டில் ஐம்பது மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் தயாரித்தேன்: ஆடைக்குப் பதினைந்து, தலைமுடிக்கும் ஒப்பனைக்கும் பத்து, காலப் பொருத்தத்துக்குப் பத்து, படத்துக்கு நிற்கும் விதத்துக்குப் பத்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கு ஐந்து. உடலுக்கு மதிப்பெண் இல்லை. இடையளவும் வயதும் தாளில் எங்கும் கிடையாது. பதினெட்டு வயது நிறையாதவர்களை மேடையேற்றுவதில்லை என்பது மட்டும் விதி. "இது என்ன, பத்தாம் வகுப்புப் பரீட்சையா?" என்று சங்கத்தில் ஒரு பெரியவர் சிரித்தார். அவருடைய காருக்கு அவர் கேட்டு வாங்கும் தாளில் என்னுடையதைவிட இரண்டு மடங்கு கட்டங்கள் இருந்தன.

நடுவர் மூவரில் என் மனத்துக்குப் பிடித்த தேர்வு, கார் இருக்கைகளுக்குத் தோல் தைக்கும் ஒரு முதியவர். டக் அண்டு ரோல் என்று இங்கே சொல்லும், குழல் குழலாக மேடு எழுப்பித் தைக்கும் வேலையில் ஐம்பது ஆண்டுப் பழக்கம் அவருக்கு. "எனக்குப் பெண்கள் உடையைப் பற்றி ஒன்றும் தெரியாதே, அம்மா" என்று தயங்கியவர், முதல் போட்டியாளரின் கழுத்துப் பைப்பிங்கைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, வளைவில் சுருக்கம் விழாமல் எப்படித் திருப்பினாய் என்று அவளிடம் ஐந்து நிமிடம் பேசினார். மற்ற இருவரில் ஒருவர் நாடகக் குழுவுக்கு உடை தைப்பவர், இன்னொருவர் முடி திருத்தும் நிலையம் நடத்துபவர்.

காலப் பொருத்தம் என்ற தலைப்பு கொஞ்சம் விளக்கம் கேட்கும். போட்டியாளர் எந்த ஆண்டைக் காட்டுகிறார் என்று பதிவுத்தாளில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு உடையே சாட்சி சொல்லும். 1942இல் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் எல்-85 என்ற ஆணையால், பெண்கள் உடைக்குச் செலவாகும் துணியைக் கட்டுப்படுத்தியது. பாவாடையின் சுற்றளவுகூட அரசாங்கக் கணக்குக்குள் வந்தது. 1947 பிப்ரவரியில் பாரிசில் உடை வடிவமைப்பாளர் தியோர் கஜக்கணக்கில் துணியைக் கொட்டி அகன்ற பாவாடையைக் காட்டியபோது அத்தனை பரபரப்பு எழுந்ததற்கு அந்தப் பஞ்சகாலமே காரணம். நைலான் காலுறை 1940இல்தான் கடைக்கு வந்தது. வந்த சூட்டோடு நைலான் பாராசூட்டுக்குப் போய்விட்டதால், பெண்கள் புருவப் பென்சிலால் காலின் பின்புறம் தையல்கோடு வரைந்துகொண்டார்கள். எங்கள் மேடையில் ஒருத்தி காலுறை போடாமல் அந்தக் கோட்டை மட்டும் வரைந்துகொண்டு வந்தாள். கோடு முழங்காலுக்குக் கீழே சற்றே கோணியிருந்தது. மூன்று நடுவர்களும் அந்தக் கோணலுக்காகவே கூடுதல் மதிப்பெண் போட்டதை நான் பிறகு கவனித்தேன்.

உடையை உள்புறம் திருப்பிப் பார்ப்பதும் உண்டு, கேட்டு அனுமதி வாங்கிய பிறகு. நாற்பதுகளின் உடையில் இடது விலாவில் உலோக ஜிப் இருக்கும். முதுகு நெடுக பிளாஸ்டிக் ஜிப் ஓடினால் அது இந்தக் காலத்துத் தயாரிப்பு. உள்தையல் ஓரத்தை ஓவர்லாக் போடாமல் ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டியிருந்தால், தைத்தவளுக்குப் பழைய முறை தெரியும் என்று பொருள். ஆனால் அசல் பழைய உடைக்கே முதலிடம் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பதை நான் ஏற்கவில்லை. அசல் உடை கிடைப்பது பணத்தையும் உடலளவையும் பொறுத்த விஷயம். எஞ்சியிருக்கும் பழைய உடைகளில் பெரும்பாலானவை சிறிய அளவுகள். கடையில் வாங்கிய புதுத் தயாரிப்பானாலும் தனக்கு ஏற்றபடி பிரித்துத் தைத்து, அந்தக் காலத்தை ஒருத்தி எழுப்பிக் காட்டினால் அவளுக்கு முழு மதிப்பெண் கிடைக்கலாம். ஒரே உடலமைப்புதான் பின்-அப் என்பவர்கள், பிரவுன் அண்டு பிகிலோ காலண்டரிலேயே டுவேன் பிரையர்ஸ் வரைந்த ஹில்டா என்ற பருத்த பெண் பல ஆண்டுகள் துள்ளி விளையாடியதைப் பார்க்கட்டும். வெள்ளைத் தோல்தான் பின்-அப் என்று நினைப்பவர்கள், போர்க்காலத்துக் கறுப்பினப் படைவீரர்கள் கறுப்பினப் பாடகியும் நடிகையுமான லீனா ஹார்னின் படத்தைச் சுவரில் வைத்திருந்ததை நினைக்கட்டும்.

நீச்சலுடைச் சுற்று வேண்டும் என்று ஒரு விளம்பரதாரர் கேட்டார். கொடுத்தால் பரிசுத் தொகையை இரட்டிப்பாக்குவதாகவும் சொன்னார். நான் மறுத்தேன், பணமும் போனது. வரலாற்றுக்கு நீச்சலுடை அந்நியம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 1943இல் நடிகை பெட்டி கிரேபிள் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் அந்தப் படம் நீச்சலுடையில் எடுத்ததுதான். அப்படி ஒருத்தி தானே விரும்பி, தானே தைத்த பழைய பாணி நீச்சலுடையில் வந்தால் மேடை அவளுக்கும் திறந்திருக்கிறது. எல்லோரும் கட்டாயமாகக் கழற்றிக் காட்ட வேண்டிய சுற்று வேறு விஷயம். 1921இல் தொடங்கிய மிஸ் அமெரிக்கா போட்டியே 2018இல் அந்தச் சுற்றை நிறுத்திவிட்ட பிறகு, மைதானத்து டிரெய்லர் மேடையில் நாங்கள் ஏன் அதைத் தூக்கி நிறுத்த வேண்டும்?

இந்தப் பெரிய வாதங்களைவிட, அமைப்பாளரின் தகுதியைக் காட்டுவது சில்லறை வேலைகள் என்பதை அனுபவத்தில் கற்றேன். முதல் ஆண்டில் போட்டியை மதியம் ஒரு மணிக்கு வைத்திருந்தோம். இரவெல்லாம் சுருட்டிக் கட்டி, காலையில் பிரித்து, இரண்டு பக்கமும் குழலாக உருட்டி நிறுத்திய விக்டரி ரோல் கூந்தல் அலங்காரம் அந்த வெயிலில் வியர்த்துச் சரிந்தது. சரளைக்கல்லில் குதிகால் செருப்பு புதைந்தது. உடை மாற்ற ஒதுக்கிய இடம் உணவு வண்டியின் ஜெனரேட்டருக்குப் பின்னால் இருந்தது. இப்போது போட்டி காலை பத்தரைக்கு. மேடைக்கு மேலே கூரைத் துணி, படிக்குக் கைப்பிடி, அங்கிருந்து கார்கள்வரை ப்ளைவுட் பலகை, கண்ணாடியும் தண்ணீரும் காற்றாடியும் உள்ள பூட்டக்கூடிய கூடாரம் ஆகியவற்றுக்காகச் சங்கத்திடம் நான் போட்ட சண்டையில் பாதி நியாயம், பாதி பிடிவாதம்.

படம் எடுப்பவர்களுக்கும் விதி உண்டு: கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், தாழ்வான கோணத்தில் தரையிலிருந்து எடுக்கக் கூடாது, மீறினால் கழுத்து அட்டையைப் பிடுங்கிவிடுவோம். போட்டியாளர்களுக்கும் விதி உண்டு: உரிமையாளரைக் கேட்காமல் காரில் சாயக் கூடாது. பெல்ட் பக்கிளோ ஜீன்ஸின் உலோக ரிவிட்டோ ஒரு முறை உரசினால் போதும், இருபது பூச்சுப் பூசி மெருகேற்றிய பெயின்ட் போய்விடும். லீவைஸ் நிறுவனம் பின்பாக்கெட் ரிவிட்டைத் துணிக்குள் மறைத்ததே, நாற்காலியும் குதிரைச் சேணமும் கீறுகின்றன என்று வந்த புகார்களால்தான்.

பரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார் வென்றவருக்குக் கை வலிக்கும் கனத்தில் கோப்பை, பின்-அப்பில் வென்றவளுக்கு பிளாஸ்டிக் கிரீடம் என்ற வழக்கம் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த ஆண்டு சங்கத்து உறுப்பினர் ஒருவர், தன் பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய பிஸ்டன்களை மெருகேற்றி, மரப்பீடத்தில் பொருத்தி மூன்று கோப்பைகள் செய்து கொடுத்தார்.

அவற்றில் மூன்றாவது, பச்சை உடைக்காரச் செவிலியருக்குப் போனது. இந்த முறை அவர் 1944ஆம் ஆண்டைத் தேர்ந்திருந்தார். முடிவு அறிவித்த கையோடு என்னிடம் வந்து தன் தாள்களைக் கேட்டு வாங்கி, நாடக உடைக்காரரைத் தேடிப் போனார். காலப் பொருத்தத்தில் இரண்டு மதிப்பெண் குறைந்திருந்தது. பக்கத்தில் "பாவாடைச் சுற்று 1944க்கு அதிகம்" என்று குறிப்பு. "1944இல் இருந்தவள் 1941இல் தைத்த பாவாடையை எரித்துவிட்டா இருப்பாள்? பழையதைத்தானே கட்டியிருப்பாள்?" என்று இவர் கேட்க, அவர் ஆணையின் வாசகத்தைச் சொல்ல, தோல் தைக்கும் முதியவர் நடுவில் புகுந்து தன் அம்மா போருக்கு முந்தைய கோட்டை 1950வரை போட்டிருந்த கதையைச் சொல்ல, அரை மணிநேரம் மூவரும் நிழலில் நின்று வாதிட்டார்கள். கடைசியில் நாடக உடைக்காரர் பேனாவை எடுத்து ஒரு மதிப்பெண்ணை மட்டும் திருத்தி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டார். இடம் மாறவில்லை, மூன்றாவதுதான். செவிலியர் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, இன்னொரு மதிப்பெண்ணையும் அடுத்த ஆண்டு வாங்கிவிடுவதாக அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.