அவன் அழுத்தக்காரன் அல்லன்

ஆண்டு விழா மேடையில் என் அக்கா மகனை நிறுத்தி, மைக்கை நீட்டி, "பெயரைச் சொன்னால்தான் பரிசு" என்று ஆசிரியை கேட்க, அவன் சொல்ல முடியாமல் நின்ற காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே "சரியான அழுத்தக்காரன்" என்று எழுதியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அவனுக்கு இருப்பது குழந்தைப் பருவப் பேச்சு அப்ராக்ஸியா. சொல்ல வேண்டிய சொல் அவனுக்குத் தெரியும். நாக்கிலும் உதட்டிலும் தளர்ச்சி இல்லை. எந்த அசைவுக்குப் பின் எந்த அசைவு என்று மூளை வகுத்துத் தரவேண்டிய ஒழுங்குதான் தடுமாறுகிறது. தசையே தளர்ந்திருந்தால் அது டிசார்த்ரியா, அது வேறு. காலையில் "தண்ணி" என்பது "தன்னீ" என்று வரும், மதியம் "நனி" ஆகும், இரவில் "தா"வோடு நின்றுவிடும். ஒரே சொல் ஒவ்வொரு தடவையும் வேறு விதமாகப் பிழைபடுவது இதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று.

"கீழே விழுந்தபோது அம்மா என்று தெளிவாகக் கத்தினானே" என்கிறார்கள். கத்தினான்தான். தன்னையறியாமல் எழும் சொல் சில நேரம் சுத்தமாக வந்துவிடும். அதே சொல்லை "எங்கே, சொல்லு" என்று கேட்டால் உதடு இடம் தேடும், வாய் திறந்தபடி நிற்கும், கண் கலங்கும். அத்தனை பேர் முன்னால் அப்படித் தவித்த குழந்தையை அழுத்தக்காரன் என்றால் எங்களுக்கு வயிறு எரிகிறது. அது பிடிவாதம் அன்று, சோம்பலும் அன்று.

ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்து, பின்பு நம் மதுரையிலேயே மீனாட்சியைப் பாடவில்லையா, பொறுங்கள் என்கிறார் ஒரு பெரியவர். சித்திரை வீதியில் வளர்ந்தவள் நான். அந்த நம்பிக்கையை மதிக்கிறேன், நாங்களும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இது வயது ஏறினால் தானாகச் சரியாகிவிடுவதன்று. சில சொற்களை மட்டும் எடுத்து, வாரத்தில் பல நாள், திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் பேச்சுப் பயிற்சி வேண்டும். வசம்பு தேய்ப்பதாலோ நாக்கின் அடியில் இருக்கும் சவ்வை வெட்டிவிடுவதாலோ இது தீராது. போனைக் கொடுத்ததால் வந்தது என்பவர்களுக்குப் பதில் சொல்லவே மனமில்லை. போன் பார்ப்பதால் அப்ராக்ஸியா வருவதில்லை.

ஆசிரியை நல்லெண்ணத்தில் செய்தார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் மருத்துவர் கடிதம் ஜூன் மாதத்திலிருந்தே பள்ளியில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பேச்சு, மொழிக் குறைபாடும் இருக்கிறது. அவன் படத்தைத் தொட்டுக் காட்டினாலும், கையால் சைகை செய்தாலும் அதைப் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். அதனால் வாய்ப்பேச்சு வராமல் போகாது. கடிதத்தோடு அக்கா கேட்டது இது ஒன்றைத்தான்.