பேப்பர் கப் வீடியோக்களில் காணாமல்போகும் எண்கள்

"டீயை ஊற்றியதும் பேப்பர் கப்பின் மெழுகு உருகி வயிற்றுக்குள் போகிறது" என்கிற வீடியோ வாட்ஸாப்பில் ஓய்வதே இல்லை. அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு. டீ கப்பின் உட்பூச்சு பெரும்பாலும் பாலிஎத்திலீன். அது உருகக் கிட்டத்தட்ட 110 டிகிரி செல்சியஸ் வேண்டும். டீ அவ்வளவு சூட்டுக்குப் போகாது. சந்தேகமென்றால் கப்பைக் கிழித்து அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேயுங்கள். காகிதம் கூழாகிக் கழன்றுவிடும், மெல்லிய பிளாஸ்டிக் தோல் கையில் மிஞ்சும். (பிளாஸ்டிக் பூசிய கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. டீக்கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.)

உருகாது என்பதால் கப் நல்லதாகிவிடாது. உருகாமலே துகள் உதிரும். காரக்பூர் ஐஐடியின் 2020 ஆய்வில் 85-90 டிகிரி சூட்டில் 100 மில்லி வெந்நீர் கப்பில் 15 நிமிடம் நின்றபோது சுமார் 25,000 நுண்துகள்கள் வந்தன. வீடியோக்காரர்கள் 25,000-ஐ எடுத்துக்கொண்டு 15 நிமிடத்தைக் கழற்றிவிடுகிறார்கள். நின்றபடியே நாலு மடக்கில் முடிகிற டீக்கும் ஆபீஸ் மேசையில் ஆறிக் கிடக்கும் காபிக்கும் ஒரே கணக்கா? அதுவும் போக, அது துகள்களின் எண்ணிக்கை மட்டுமே. உடம்புக்கு என்ன கெடுதல் என்பது வேறு ஆராய்ச்சி.

எனக்கு அதிக எரிச்சல் தருவது, கப், டின், பார்சல் எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்கும் எதிர்த்தரப்பு வீடியோக்கள்: "எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான், பயப்படாதீங்க!" எந்த வருடத்து அளவு? டின் உணவின் உட்பூச்சிலிருந்து கசியும் பிஸ்பீனால்-ஏ என்கிற ரசாயனத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் வரை சரி என்றிருந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2023 ஏப்ரலில் அதை 0.2 நானோகிராமாக்கியது (ஆயிரம் நானோகிராம் ஒரு மைக்ரோகிராம்). 20,000 மடங்கு குறைவு. 60 கிலோ ஆளுக்கு 240 மைக்ரோகிராம் என்றிருந்தது 12 நானோகிராம் ஆனது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமோ இதை ஏற்காமல் கிலோவுக்கு 0.2 மைக்ரோகிராம் என்றது. 2022-ல் வந்த வீடியோ பொய் சொல்லவில்லை, காலாவதியாகிவிட்டது. மைக்ரோவையும் நானோவையும் குழப்பிப் பேசுகிறவரின் வீடியோவை அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

எண்ணெய் ஒட்டாத பார்சல் காகிதத்தில் ஃப்ளோரின் பூச்சு (பிஃபாஸ்) இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விடச் சொல்வார்கள். முத்துப்போல் உருண்டு நின்றால் சந்தேகப்படலாம். பரவினாலோ ஊறினாலோ அநேகமாக இல்லை. இது சந்தேகம் வரைக்கும்தான், உறுதிசெய்ய ஆய்வகத்தில் மொத்த ஃப்ளோரினை அளக்க வேண்டும். சொட்டு உருண்டதைக் காட்டிவிட்டு "நிரூபிச்சாச்சு" என்று கத்துகிறவர் இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை.