முதலில் விசாரியுங்கள், ஆசனம் அப்புறம்

மூன்று ஆண்டுகளாக யோகா செய்துவருகிறேன். இதைச் சொன்னதும் "தலைகீழாக நிற்பீர்களா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நிற்கமாட்டேன். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடவும் என்னால் முடியாது. ஆனால் இரவில் தூங்குகிறேன். பஸ் வருகிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். இந்த இரண்டும் என்னை விட்டுப் போயிருந்தன.

எனக்கு வயது 48. ராயப்பேட்டையில் பிழைதிருத்தும் வேலை. 22 ஆண்டுகளாகக் குனிந்த தலை. முதலில் தாளைப் பார்த்து, இப்போது கணினித் திரையைப் பார்த்து. அப்பா படுக்கையில் விழுந்து, பிறகு போயும் சேர்ந்த அந்த ஒன்றரை ஆண்டில் கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. நள்ளிரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் பால்காரர் மணி அடிக்கும் வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். எலும்புத் தேய்மானம் என்றார் மருத்துவர். மாத்திரை, கழுத்துப் பட்டை. வலி குறைந்தது, தூக்கம் திரும்பவில்லை.

யோகா வகுப்பில் சேர்ந்தேன். ஒரு கூடத்தில் 40 பேர். மூன்றாம் நாள், காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனம். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே பயிற்சியாளர் என் முதுகைப் பிடித்து அழுத்தினார். இடுப்பில் சுளீரென்று ஒரு பிடிப்பு. மூன்று வாரம் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. அந்த இளைஞர்மீது எனக்குக் கோபமில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் செய்தார். 40 உடம்பையும் ஒரே அச்சில் வார்க்கலாம் என்று நினைக்கும் முறைமீதுதான் கோபம். அது இன்றும் தீரவில்லை.

இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்றிருந்தேன். "ஒரே ஒரு தடவை வாருங்கள் அக்கா" என்று கூட வேலை செய்யும் பெண் விடாமல் கேட்டு, மந்தைவெளியில் ஓர் அம்மாவிடம் அழைத்துப்போனாள். பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். முதல் நாள் முக்கால் மணி நேரம் கேள்விகள்தான். எந்தப் பக்கம் படுப்பீர்கள், படுக்கையிலிருந்து எப்படி எழுந்திருப்பீர்கள், அறுவை சிகிச்சை ஏதும் நடந்ததா, மாதவிடாய் எப்படி இருக்கிறது, வீட்டுக்கு எத்தனை படி ஏறவேண்டும், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அப்பாவைப் பற்றியும் கேட்டார். நான் அழுது முடிக்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்து நிற்கச் சொன்னார். "இரண்டு கைகளையும் முன்புறமாக மேலே உயர்த்துங்கள்." உயர்த்தினேன். "இறக்குங்கள்." இறக்கினேன்.

"இப்போது உங்கள் மூச்சு என்ன செய்துகொண்டிருந்தது?"

தெரியவில்லை என்றேன். மறுபடியும் செய்யச் சொன்னார். அப்போதுதான் பிடிபட்டது: கை மேலே போய்க் கீழே வரும் வரை நான் மூச்சே விடவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் என்னையே கவனித்தேன். ஒரு பத்தியைப் படிக்கத் தொடங்கும்போது மூச்சு நிற்கிறது. வாக்கியம் முடிந்ததும் கொஞ்சம் வெளியே வருகிறது. சந்திப்பிழை கண்ணில் பட்டால் மறுபடியும் நின்றுவிடுகிறது, தோள் காதுக்கு ஏறிவிடுகிறது. 22 ஆண்டுகள் இப்படித்தான் வேலை செய்திருக்கிறேன். எந்த எக்ஸ்ரேயிலும் அது தெரியவில்லை.

அந்த அம்மா கொடுத்தது ஒரே ஒரு தாள். அதில் குச்சிக் குச்சியாய்க் கையும் காலும் வரைந்த ஏழு உருவங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த அசைவுக்கு மூச்சை இழுக்கவேண்டும், எதற்கு விடவேண்டும் என்று குறிப்பு. நின்று கை உயர்த்துவது, முழங்காலை மடக்கியபடி பாதி குனிவது, மண்டியிட்டு முன்னும் பின்னும் போவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, இப்படி. எல்லாம் சேர்ந்து 20 நிமிடம். தாளை அரிசி டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தேன். தூக்கம் திரும்ப ஏழு வாரம் ஆயிற்று. கழுத்து திரும்ப அதைவிட அதிக நாள்.

இந்த முறைக்கு நம் ஊரிலேயே ஒரு வேர் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. 1888இல் பிறந்த டி. கிருஷ்ணமாச்சாரியார், மைசூர் அரண்மனை ஆதரவில் இளைஞர்களுக்குக் கடும் ஆசனங்களைப் பயிற்றுவித்தவர். யோகாவை உலகெங்கும் கொண்டுபோன பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவரிடம் கற்றவர்கள்தான். அதே மனிதர் 1950களில் சென்னைக்கு வந்த பிறகு நோயாளிகளுக்கும் குடும்பஸ்தர்களுக்கும் தனித்தனியாக, அவரவர் வயதுக்கும் உடம்புக்கும் ஏற்றபடி சொல்லிக்கொடுத்தார். 1989இல் இங்கேதான் காலமானார். மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். பல காலம் தூக்கமின்றித் தவித்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, மாத்திரையில்லாமல் தூங்கிய மகிழ்ச்சியில் ஓடிவந்து கிருஷ்ணமாச்சாரியாரைக் கட்டிக்கொண்டதைப் பார்த்துத்தான் இதைக் கற்கவேண்டும் என்று தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த அன்று அந்தப் பெண்மணியை எனக்கு நெடுநாள் தெரியும் போலிருந்தது. அந்த மகன் 1976இல் தந்தை பெயரில் சென்னையில் தொடங்கியதுதான் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்.

பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் ஏறக்குறைய 195. அவற்றில் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே மூன்று. ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்பதுதான் முதலாவது. சுகம் என்ற சொல் அங்கேயே இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு முதுகை வளைப்பதற்கு அதில் எங்கே இடம்?

மூச்சிலும் இதே கதைதான். திருமூலர் சொன்ன கணக்கு 16 மாத்திரை உள்ளே, 64 நிறுத்தம், 32 வெளியே. இங்கே மாத்திரை என்பது கால அளவு. கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு நேராக இதில் இறங்குகிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள். எனக்குக் கிடைத்த கணக்கு, 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. நிறுத்தம் கிடையாது. 6 என்பது 8 ஆக எட்டு மாதம் பிடித்தது. மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடுகிறது, விடும்போது சற்றுக் குறைகிறது. அதனால்தான் வெளிமூச்சு நீளும்போது மனமும் தணிகிறது. மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு நீங்களே பார்க்கலாம்.

சர்க்கரையும் புற்றுநோயும் ஆசனத்தால் ஓடிப்போகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நான் தைராய்டு மாத்திரையை இன்றும் சாப்பிடுகிறேன். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்கள் பக்கம் போகக்கூடாது. முதுகுத்தண்டு வட்டு விலகியவர்கள் கேட்காமல் குனியக்கூடாது. இதையெல்லாம் விசாரிக்காமல் உங்களைப் பாயில் உட்காரவைக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தனியாகக் கற்க வசதியில்லை என்பவர்களுக்கு அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனை வளாகத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே இதையே படித்த மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

2015 முதல் ஒவ்வொரு ஆண்டும் சர்வதேச யோகா தினமான ஜூன் 21 அன்று வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகக் கை உயர்த்தும் படங்கள் வருகின்றன. பார்க்க அழகுதான். அந்த வரிசையில் யாருக்கு முழங்கால் வலி, யார் நேற்று தூங்கவில்லை என்று எவராவது கேட்டிருப்பார்களா என்றே எனக்குத் தோன்றும்.

போன மாதம் என் மாமியாரையும் மந்தைவெளிக்கு அழைத்துப்போனேன். 74 வயது, வலது தோள் இறுகிக் கிடக்கிறது. அவரிடமும் முக்கால் மணி நேரம் கேள்விகள். இப்போது அரிசி டின்னுக்கு மேலே இரண்டு தாள்கள். அவருடைய தாளில் உள்ள நான்கு உருவங்களும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றில் வலது கை பாதிவரைதான் உயர்ந்திருக்கிறது. இன்று காலை நான் என் தாளைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தபோது, "அத்தை, மூச்சு" என்றேன். "விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், நீ உன்னுடையதைப் பார்" என்றார்.