இன்ஃபார்மரை முதலில் பேச விடுங்கள்

போலீஸுக்கு ரகசியமாகத் தகவல் தரும் இன்ஃபார்மர் என்றதும் பணம், பயம், பழைய கேஸ் என்று என்னென்னவோ பேசுகிறோம். அவருடைய ஞாபகத்தைப் பற்றி மட்டும் பேச்சே வருவதில்லை. பாதித் தகவல் வீணாவது அங்கேதான் என்பேன்.

ஆள் வந்து உட்கார்ந்ததுமே, "அவன் வந்தானா? வெள்ளைக் கார்தானே?" என்று அதிகாரி ஆரம்பித்துவிடுகிறார். "ஆமா சார், வெள்ளைதான்." அந்த வெள்ளை அவர் பார்த்ததா, கேள்வியில் வந்து ஒட்டியதா? இனி அவருக்கே தெரியாது. 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் லாஃப்டஸும் பால்மரும் ஒரே கார் விபத்துப் படத்தைப் போட்டுக் காட்டி, கார் என்ன வேகத்தில் போனது என்ற கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். பார்த்தவர்கள் சொன்ன வேகமே மாறிவிட்டது.

1980களில் ஃபிஷர், கைசல்மேன் என்ற உளவியலாளர்கள் சாட்சிகளுக்காக, ஞாபகத்தைத் தூண்டிக் கேட்கும் காக்னிட்டிவ் இன்டர்வியூ முறையை உருவாக்கினார்கள். அந்த இடத்துக்கு மனதால் திரும்பிப் போகச் சொல்வது, அற்பமாகத் தோன்றுவதையும் விடாமல் சொல்ல வைப்பது, கடைசியிலிருந்து பின்னோக்கிக் கேட்பது எல்லாம் அதில் உண்டு. இன்னொருவர் இடத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்பதும் உண்டு. இதை மட்டும் இன்ஃபார்மரிடம் நான் கேட்கவே மாட்டேன். அதிகாரியைத் திருப்திப்படுத்தத் துடிப்பவரிடம் கற்பனைக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

சாட்சி ஒரு சம்பவத்தை ஒரு தடவை பார்த்தவர். இன்ஃபார்மரோ அதே ஆட்களை, அதே அறையில், வாராவாரம் பார்க்கிறவர். போன வாரப் பேச்சு இந்த வாரத்தில் கலந்துவிடும். அதனால் ஒரு தாளில் காலக்கோடு போட்டு, யார் எப்போது வந்தார், போனார் என்று அவர் கையாலேயே குறிக்கச் சொல்லலாம். "அன்றைக்கு மட்டும் புதிதாக என்ன நடந்தது?" என்ற ஒரு கேள்வி பல நாட்களைப் பிரித்துக் கொடுக்கும்.

பேச்சை நினைவில் வைப்பது இன்னும் சிரமம். அமெரிக்க அதிபர் நிக்சன் சிக்கிய வாட்டர்கேட் ஊழல் விசாரணையில் 1973இல் அவருடைய முன்னாள் வழக்கறிஞர் ஜான் டீன் சொன்ன சாட்சியத்தை, உளவியலாளர் உல்ரிக் நைசர் பின்னர் வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களோடு ஒப்பிட்டு 1981இல் எழுதினார். மூடிமறைப்பு நடந்தது என்ற சாரம் சரி. யார் என்ன வார்த்தையில் சொன்னார் என்பதில்தான் ஏகப்பட்ட பிசகு. அப்படியிருக்க, இன்ஃபார்மர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் போட்டு அறிக்கை எழுதுவது என்ன துணிச்சல்! கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, பிறர் சொன்னது, தானே ஊகித்தது என்று தனித்தனியாக எழுத வேண்டாமா?

"இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்பார்கள். சரி, பத்து நிமிடமாவது குறுக்கிடாமல் கேளுங்கள். பொய்யரை இந்த முறை யோக்கியராக்காது. ஆனால் சரிபார்க்கக்கூடிய விவரங்கள் நிறைய வரும். அவற்றைச் சரிபார்ப்பது போலீஸின் வேலை.