மூலப்பத்திரம் எங்கே?

பள்ளித் தோழர்கள் வாட்ஸப் குழுவில் போன வாரம் அந்தப் பழைய செய்தி மறுபடி வந்தது. 'இயேசுவுக்கு மனைவி இருந்தார், ஹார்வர்ட் ஆதாரம்' என்று தலைப்பு, கீழே பாப்பிரஸ் என்ற பழங்கால நாணல் தாளின் பழுப்பு நிறத் துண்டு ஒன்றின் படம். அனுப்பியவன் கடவுள் மறுப்பாளன், என் நெருங்கிய நண்பன். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். நாலு பேர் அவனைத் திட்டினார்கள், நாலு பேர் என்னைக் கிண்டல் செய்தார்கள். அந்தத் துண்டு அசலா என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

அது போலி. பழைய கதைதான், ஆனாலும் முழுசாகச் சொல்ல வேண்டிய கதை.

துண்டு ஒரு விசிட்டிங் கார்டு அளவுதான் இருக்கும். பழைய எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழியில் அரைகுறையாகச் சில வரிகள். அதில் ஒரு வரி, 'இயேசு அவர்களிடம் சொன்னார், என் மனைவி' என்பதோடு அறுந்து நிற்கிறது. 2012 செப்டம்பரில் ரோமில் நடந்த காப்டிக் ஆய்வு மாநாட்டில் ஹார்வர்ட் பேராசிரியர் கேரன் கிங் இதை அறிவித்தார். இயேசு திருமணமானவர் என்பதற்கு இது ஆதாரம் இல்லை, பிற்காலக் கிறிஸ்தவர்கள் அப்படிப் பேசியிருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது என்று அவரே அப்போது சொன்னார். அந்த வாக்கியம் எந்த ஃபார்வர்டிலும் வருவதில்லை.

2014-ல் சோதனை முடிவுகள் வந்தன. பாப்பிரஸ் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது, மை அந்தக் காலத்துக் கரி மை போலத்தான் இருக்கிறது என்றார்கள். பலரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் எழுதாத பழைய பாப்பிரஸ் விலைக்குக் கிடைக்கும், புகைக்கரியையும் பிசினையும் வைத்து மை கூட்டுவதும் பெரிய வித்தை இல்லை. பழைய முத்திரைத்தாளைத் தேடிப் பிடித்துப் புதுப் பத்திரம் எழுதுவது நம் ஊரில் நடக்காததா? தாள் பழசு என்பதால் எழுத்தும் பழசாகிவிடாது.

மாட்டிக்கொடுத்தது ஓர் எழுத்துப்பிழை. துண்டிலுள்ள சொற்கள் ஏறக்குறைய எல்லாமே தோமா நற்செய்தி என்ற பழைய நூலிலிருந்து வெட்டி ஒட்டியவை என்று பிரான்சிஸ் வாட்சன் என்ற அறிஞர் முதலிலேயே காட்டியிருந்தார். தோமா நற்செய்தியின் காப்டிக் மூலத்தை ஆங்கிலத்தோடு வரிக்கு வரி போட்ட பிடிஎஃப் ஒன்று 2002 முதல் இணையத்தில் இருக்கிறது. அதில் ஓரிடத்தில் ஒரே ஓர் எழுத்து தவறிப்போயிருக்கிறது. அதே எழுத்து, அதே இடத்தில், இந்தத் துண்டிலும் இல்லை. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்துத் தப்போடு சேர்த்து எழுதிய கேஸ்தான்.

இந்தத் துண்டைக் கிங்கிடம் கொடுத்த அதே ஆளிடமிருந்து யோவான் நற்செய்தித் துண்டு ஒன்றும் வந்திருந்தது. 1924-ல் அச்சான ஒரு காப்டிக் பதிப்பை வைத்து அதைக் கிறிஸ்டியன் ஆஸ்கலண்ட் ஒப்பிட்டார். அச்சுப் பதிப்பின் வரிகள் எங்கே முடிகின்றனவோ அங்கேயே துண்டின் வரிகளும் முடிந்தன, ஒரு வரி விட்டு ஒரு வரியாக. சிரிப்பாக இருக்கிறது இல்லையா?

என் ஆதங்கம் வேறு இடத்தில். நாம் அரை கிரவுண்டு மனை வாங்கினாலே மூலப்பத்திரம் எங்கே என்றுதான் முதலில் கேட்போம். இந்தத் துண்டோடு வந்தது 1999 தேதியிட்ட விற்பனை ஒப்பந்தத்தின் நகல், நகல் மட்டும்தான். விற்றதாகச் சொல்லப்பட்டவர் அறிவிப்புக்குப் பத்து வருஷம் முன்பே இறந்துவிட்டார். 2016-ல் பத்திரிகையாளர் ஏரியல் சபார் நேரில் போய் விசாரித்தார். இறந்தவர் இயந்திரக் கருவிகள் செய்யும் தொழிலாளி, அவருக்கும் பழம்பொருளுக்கும் சம்பந்தமே இல்லை என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். துண்டைக் கொடுத்தவர் பெர்லினில் எகிப்தியல் படித்துவிட்டு புளோரிடாவில் குடியேறியவர். அறிவிப்புக்கு மூன்று வாரம் முன்பே துண்டின் பெயரில் இணைய முகவரி வாங்கி வைத்திருந்தார். போலி செய்ததை அவர் மறுத்தார். ஆனால் சபாரின் கட்டுரையைப் படித்த பிறகு போலி என்ற பக்கமே தராசு சாய்கிறது என்று கிங்கே ஒப்புக்கொண்டார். செத்துப்போனவர் பெயரில் பத்திரம்! நம் ஊர் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் ஒரு நாள் நின்றவருக்குக்கூட மூக்கில் வேர்த்திருக்கும்.

சரி, அதற்காக என் தரப்பார் யாரும் காலரைத் தூக்க வேண்டாம். வாஷிங்டனில் 2017-ல் திறந்த பைபிள் அருங்காட்சியகத்துக்காக, சாக்கடல் சுருள்களின், அதாவது சாக்கடல் குகைகளில் கிடைத்த இரண்டாயிரம் வருஷத்து வேதச் சுருள்களின், துண்டுகள் என்று பதினாறு வாங்கினார்கள். வாங்கியவர்கள் வேதத்தின்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். 2020 மார்ச்சில் பதினாறும் போலி என்று அருங்காட்சியகமே அறிவித்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது மை தோலின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்கியிருந்தது, கிழிந்த ஓரத்தில் வழிந்திருந்தது. தோல் பழசாகி வெடித்துக் கிழிந்த பிறகுதான் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அசல் சுருள்கள் பெரும்பாலும் எழுதுவதற்கென்றே பதப்படுத்திய மெல்லிய தோல். இவையோ தடித்த தோல், ஒருவேளை பழங்காலச் செருப்புத் தோலாகக்கூட இருக்கலாம் என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை: 1947-ல் அசல் சுருள்களை ஆட்டிடையர்களிடமிருந்து முதலில் வாங்கியவர்களில் ஒருவரான கண்டோ, பெத்லகேமில் செருப்புத் தைத்தவர்.

எதையும் போலி என்று தள்ளிவிட்டால் புத்திசாலி ஆகிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 1883-ல் ஷபீரா என்ற எருசலேம் வியாபாரி, பைபிளிலுள்ள உபாகமம் என்ற நூலின் மிகப் பழைய பிரதி என்று சில தோல் பட்டைகளை லண்டனுக்குக் கொண்டுபோய் பத்து லட்சம் பவுண்டு கேட்டார். அறிஞர்கள் போலி என்றார்கள். இவ்வளவு காலம் எருசலேம் பக்கத்து ஈரத்தில் தோல் தாங்காது என்பதும் அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று. அடுத்த வருஷம் ராட்டர்டாமில் ஒரு ஓட்டலில் அவர் தன்னைச் சுட்டுக்கொண்டார். அறுபது சொச்சம் வருஷம் கழித்து சாக்கடல் குகைகளில் இரண்டாயிரம் வருஷத் தோல் கட்டுக்கட்டாகக் கிடைத்தது. ஷபீரா ஏற்கெனவே போலி மண்பாண்டங்கள் விற்று மாட்டியவர், ஆகவே சந்தேகப்பட்டதைக் குறை சொல்ல மாட்டேன். 2021-ல் ஓர் ஆய்வாளர் அவை அசல்தான் என்று வாதிட்டார். பட்டைகளோ ஏலத்தில் போய்த் தொலைந்தே போயின. இனி எதைச் சோதிப்பது?

இடங்களுக்கும் இதே கணக்குதான். எருசலேமுக்குப் புனிதப் பயணம் போய்வந்த நம் ஆட்கள் பலரும், இயேசுவின் கல்லறை என்று சிலர் சொல்லும் 'தோட்டத்துக் கல்லறை' முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அமைதியான இடம், ஜெபிக்கலாம். ஆனால் தொல்லியல் அறிஞர் கேப்ரியல் பார்காய் கணிப்பில் அது இயேசுவுக்கு ஏழு நூற்றாண்டு முந்திய கல்லறை. வேதமோ 'புதிய கல்லறை' என்கிறது.

அதே பார்காய் 1979-ல் எருசலேமில் கெதேப் இன்னோம் என்ற சரிவில் தோண்டிக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்த பிள்ளைகளில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் நச்சரித்துக்கொண்டே இருந்தானாம். போய் ஒரு மூலையைச் சுத்தம் செய் என்று அனுப்பினார். அவன் சும்மா இருக்காமல் சுத்தியலால் தரையைத் தட்ட, தரை உடைந்தது. அடியில் யாரும் தொடாத புதைபொருள்கள், அவற்றோடு இரண்டு குட்டி வெள்ளிச் சுருள்கள். நொறுங்காமல் விரிக்க மூன்று வருஷம் பிடித்தது. 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்' என்று ஞாயிறுதோறும் ஆராதனை முடிவில் போதகர் கை தூக்கிச் சொல்கிறாரே, அந்த ஆசீர்வாதத்தின் வரிகள் அதில் இருந்தன. சாக்கடல் சுருள்களுக்குச் சில நூறு வருஷம் முந்தியவை.

அந்த வெள்ளிச் சுருளின் படத்தைக் குழுவில் போட்டேன். வரிசையாகக் கைகூப்பு எமோஜிகள் விழுந்தன. நம் கடவுள் மறுப்பாளன் மட்டும், "எங்கேடா கிடைச்சுது?" என்று கேட்டிருந்தான்.